இரும்புக்கும் உண்டு பதம்!

இரும்புக் கடையில் நீள நீளமாக அடுக்கி வைத்திருக்கும் ரவுண்ட் ராடுகளைப் பார்த்து, எது எந்த ரகம் என்று வெறும் கண்ணால் யாரும் சொல்லிவிட முடியாது. எல்லாம் ஒரே கறுப்பு. எல்லாவற்றின் மேலும் அதே துரு. முனையில் பூசியிருக்கும் பெயின்ட் கலர் ஒன்றுதான் அடையாளம். அந்த முனையை வெட்டி எடுத்துவிட்டால் அதுவும் போச்சு.

ஆனால், விலை வேறு. தாங்கும் பாரம் வேறு. தப்பான ராடு தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தால் வரும் விளைவும் வேறு.

கோவை லேத் பட்டறைகளில் தினமும் காதில் விழும் ஒரு ரகம், ‘ஈ.என்.19’. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. ‘நல்ல சரக்கு’ என்று பெயரெடுத்தது. அந்தப் பெயரை மட்டும் நம்பலாமா, கூடாதா என்பதில்தான் கணபதியில் ஒரு சின்னப் பட்டறைக்கும், ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போகும் ஒரு ராட்டினக்காரருக்கும் ஒரு வாரம் முழுக்க இழுபறி நடந்தது.

அப்பா லேத்தில்... மகள் பாய்லரில்!

அந்தப் பட்டறையில் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு ஹேக்ஸா மெஷின், மூலையில் ஒரு சாணை. அவ்வளவுதான். முதலாளியும் அவர்தான், டர்னரும் அவர்தான். கூட ஒரு பையன். முப்பது வருஷத்துக்கு மேலாக இரும்பைக் கடைந்து கடைந்து, சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

அவருடைய மகள் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். வெல்டிங் பரிசோதனைப் படிப்பும் சேர்த்துப் படித்துவிட்டு, திருச்சியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். அப்பா கையில் குரோம்-மாலி எஃகு ராடாக வரும். மகள் கையில் அதே குடும்பத்து எஃகு குழாயாக வரும். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினால், அம்மாவின் முழங்கால் வலி, பால் கார்டு, கல்யாணப் பேச்சு எல்லாம் முடிந்த பிறகு இருவரும் இரும்புக்குத்தான் வந்து நிற்பார்கள்.

“உங்க ரெண்டு பேத்துக்கும் வேற பேச்சே இல்லீங்களா?” என்று அம்மா சலித்துக்கொள்வது வாராவாரம் நடப்பது.

அதில் என்ன இருக்கிறது?

நூறு கிலோ ஈ.என்.19 எடுத்துக்கொண்டால், அதில் 97 கிலோவுக்கு மேல் வெறும் இரும்புதான். கார்பன் சுமார் 400 கிராம். குரோமியம் ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ. மாலிப்டினம் 200 முதல் 400 கிராம் வரை. கொஞ்சம் மாங்கனீசு, கொஞ்சம் சிலிக்கான். அமெரிக்காவில் இதன் நெருங்கிய சொந்தக்காரருக்கு 4140 என்று பெயர். ஜப்பானில் எஸ்.சி.எம்.440.

மாலிப்டினம் என்ற பெயரே கண் ஏமாந்த கதைதான். ஈயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. அதன் தாதுவும், ஈயத்தின் தாதுவும், பென்சிலில் வைக்கும் கிராஃபைட்டும் பார்க்க ஒரே மாதிரி கறுப்பாக, வழவழப்பாக இருந்ததால் மூன்றையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள். 1778-ல் ஸ்வீடனில் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற வேதியியலாளர்தான், ‘இது வேறு’ என்று பிரித்துக் காட்டினார். குரோமியத்தை 1797-ல் பிரான்ஸில் வோக்லான் கண்டுபிடித்தார்.

சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி, இத்தனை கொஞ்சமாகச் சேர்க்கும் இவை என்ன செய்துவிடும்? சாதாரண கார்பன் எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் மேல்தோல்தான் கடினமாகும். கனமான துண்டாக இருந்தால் உள்ளே மெதுவாக ஆறி, பழையபடி மிருதுவாகவே நின்றுவிடும். குரோமியமும் மாலிப்டினமும் அந்த உள் மாற்றத்தைத் தாமதப்படுத்துகின்றன. அதனால் எண்ணெயில் நிதானமாகக் குளிரவைத்தாலே கடினம் வெகு ஆழம் வரை போய்ச் சேரும். தண்ணீரில் முக்கும்போது வருகிற வெடிப்பு பயமும் குறைவு.

நெருப்பில் ஒரு நீண்ட தூக்கம்

கடைக்கு வரும் ஈ.என்.19 பெரும்பாலும் ‘அனீலிங்’ செய்தே வரும். அனீலிங் என்றால், இரும்பை இளக்கும் வேலை. உலையில் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி, உள்வரை சூடு ஏறும்வரை வைத்திருந்து, பிறகு வெளியே எடுக்காமல் உலைக்குள்ளேயே ஆறவிடுவார்கள். எவ்வளவு மெதுவாக? 4140-க்கு ஒரு முறைப்படி, 815 டிகிரியிலிருந்து 665 டிகிரி வரை மணிக்கு 11 டிகிரி வீதம்தான் இறக்க வேண்டும். அதற்கு மட்டும் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். உலையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்தாலும் சூடாகத்தான் இருக்கும்.

உள்ளே நடப்பதை ஒரு டவுன் பஸ்ஸை வைத்துப் புரிந்துகொள்ளலாம். செக்கச்சிவந்த சூட்டில் கார்பன் அணுக்கள் இரும்புக்குள் பயணிகள் மாதிரி கலந்து உட்கார்ந்திருக்கும். மெதுவாக ஆறினால், ஸ்டாப் வந்ததும் ஒவ்வொருவராக இறங்கி ஒழுங்காகத் தனி வரிசையில் நின்றுகொள்ளும். இரும்புக்குள் இறுக்கம் இல்லை, மிருதுவாக இருக்கும். சட்டென்று எண்ணெயில் முக்கினால், இறங்குவதற்குள் கதவு மூடிக்கொண்ட கதை. கார்பன் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நெரிசலில் எதுவும் நகர முடியாது. அந்த நகர முடியாமைதான் கடினம்.

ஆனால், அந்த நெரிசலோடு விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி ஒரு குறிப்பிட்ட அளவு சூடேற்றி இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். அதற்கு ‘டெம்பரிங்’ என்று பெயர். நம் கொல்லுப்பட்டறையில் அரிவாளின் வாயைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ச்சல் கொடுக்கிறார்களே, அதே குடும்பத்து வேலைதான். உலையும் வெப்பமானியும் வந்ததும் அளவுகள் துல்லியமாகிவிட்டன.

எண்ணில் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அனீல் செய்த 4140-ஐ இழுத்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 42 கிலோ பாரத்தில் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும்; 66 கிலோ வாக்கில் அறும். ஓர் அங்குலப் பருமன் மாதிரித் துண்டை எண்ணெயில் முக்கி, 540 டிகிரியில் டெம்பர் செய்தால், அந்த 42 கிலோ கிட்டத்தட்ட 85 ஆகிவிடும். அறும் பாரம் 95 கிலோவைத் தாண்டும். சரக்கு அதேதான், பலம் மட்டும் இரட்டிப்பு.

அப்படியானால் முதலில் எதற்கு இளக்க வேண்டும்? கடைவதற்கு! அனீல் ஆன ராடு லேத்தில் டூலுக்கு இணங்கி வரும். துளை போடலாம், மரை வெட்டலாம். கடினமாக்கிய பிறகு இதையெல்லாம் செய்யப் போனால் டூல் சீக்கிரம் மழுங்கும், நேரமும் காசும் போகும். அதனால் இளகிய நிலையில் கொஞ்சம் பருமன் கூட வைத்துக் கடைந்து, பிறகு ஹார்டனிங், டெம்பரிங் கொடுத்து, கடைசியில் மிச்சத்தைச் சீவி அளவுக்குக் கொண்டுவருவார்கள்.

கையில் இருக்கும் அனீல் செய்த ஈ.என்.19, பாதி வழியில் நிற்கும் சரக்கு. இது தெரியாமல்தான் ராட்டினக்காரர் வந்தார்.

“திருவிழாவுக்கு அஞ்சு நாள்தாண்ணே இருக்கு!”

மேலூர்ப் பக்கத்துக்காரர். மாரியம்மன் திருவிழாவுக்காக கோவைக்கு அருகே ஓர் ஊரில் ராட்டினத்தை இறக்கியிருந்தார். பெரிய ராட்டினத்தின் நடு அச்சு, முக்கால் முழ நீளத் துண்டு, 75 மில்லிமீட்டர் பருமன். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துபோய், முந்தின வருஷம் எங்கோ வெல்டிங் வைத்து மேடாக்கிக் கடைந்து மாட்டியிருந்தார். இப்போது ஆட்டம் கொடுத்தது.

“இதையே மறுபடி வெல்டிங் வச்சுக் கடைஞ்சு குடுத்துருங்கண்ணே. அஞ்சு நாள்தான் இருக்கு.”

டர்னர் அதைத் துடைத்தார். மண்ணெண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் விட்டார். நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தேய்த்தார். சிறிது நேரத்தில், வெல்டிங் முடியும் இடத்தை ஒட்டி, வெள்ளைத் தூளில் மயிரிழை மாதிரி ஓர் ஈரக்கோடு எழுந்தது. அச்சைச் சுற்றி அரைவட்டத்துக்கு ஓடியது.

“பார்த்தீங்களா? விரிசல். வெல்டிங் வைக்கிற கதையே இல்லீங்க. புதுசுதான் போடோணும்.”

ராட்டினக்காரர் முகம் மாறிவிட்டது. போன வாரம்வரை அந்த அச்சின் மேல் குழந்தைகள் சுற்றியிருக்கின்றன.

அன்று ராத்திரி மகளிடம் போனில் சொன்னபோது, அவருக்கு ஆச்சரியமே இல்லை. “எதிர்பார்த்ததுதாங்கப்பா. கார்பன் இவ்வளவு இருக்கிற குரோம்-மாலியைச் சும்மா பச்சையா வெல்டிங் வச்சா, வெல்டிங்கை ஒட்டின இடம் சட்டுனு ஆறி கண்ணாடியாட்டம் ஆயிரும். ராடுல ஈரம் இருந்தா ஹைட்ரஜன் வேற உள்ள போகும். வெல்டிங் முடிஞ்ச உடனே பார்த்தா நல்லாத்தான் இருக்கும். சில மணி நேரம் கழிச்சு, சிலப்போ மறுநாள்கூட விரிசல் விடும். முன்னாடியே சூடுபண்ணி வெல்டிங் வச்சு, மெதுவா ஆறவிட்டு, அப்புறம் மறுபடி சூடு காட்டணும்.”

பொறி சொன்ன உண்மை

மறுநாள் ராட்டினக்காரர் தானே ஒரு ராடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தெரிந்த கடை, கொஞ்சம் சகாயம். “ஈ.என்.19-தாண்ணே, கேட்டுத்தான் வாங்குனேன்.” பில்லில் ரகமும் இல்லை. கேட்ட நீளத்துக்கு வெட்டிக் கொடுத்த துண்டு என்பதால் முனையில் பெயின்ட்டும் இல்லை.

டர்னர் அதன் ஓரத்தைச் சாணையில் வைத்தார். பொறி பறந்தது. மாலிப்டினம் இருந்தால், ஒவ்வொரு பொறிக் கோட்டின் நுனியிலும் ஈட்டி முனை மாதிரி ஒரு சின்னத் துண்டு தனியாகப் பிரிந்து தெரியும். பழைய ஆட்கள் அதைப் பார்த்தே பிரிப்பார்கள். இதில் அந்த ஈட்டியைக் காணோம். கார்பன் எஃகுக்கு வருகிற பூ மத்தாப்புதான் சிதறியது.

“எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க. டெஸ்ட் பண்ணிரலாம்.”

“உங்க அனுபவத்துக்கு டெஸ்ட் எதுக்குண்ணே? நீங்க பார்த்துச் சொன்னாப் போதாதா?”

பாராட்டுதான். ஆனால், அவர் மயங்கவில்லை. ஒரு வில்லையை வெட்டி ஆய்வகத்துக்குப் பையனிடம் கொடுத்து அனுப்பினார். சாயங்காலம் ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட் வந்தது. கார்பன் சரியாக இருந்தது. குரோமியம், மாலிப்டினம் இரண்டும் பெயருக்குக்கூட இல்லை. அது ஈ.என்.8. கார்பன் எஃகு. பல வேலைகளுக்கு நல்ல சரக்கு அது; விலையும் குறைவு. கேட்டது அது இல்லை என்பதுதான் பிரச்னை.

மூன்று நாள்தான் மிச்சம். டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டோடு அனீல் செய்த ஈ.என்.19 வந்து, டர்னர் ராத்திரி பத்து மணி வரை நின்று, இரண்டு மில்லிமீட்டர் கூட வைத்துக் கடைந்து முடித்தார். ‘இனி ஹீட் ட்ரீட்மென்ட். இரண்டு நாள்’ என்றபோதுதான் ராட்டினக்காரர் பொறுமையிழந்தார்.

“ஈ.என்.19-ன்னாலே பலம்னு நீங்கதானே சொன்னீங்க? அப்படியே அளவுக்குக் கடைஞ்சு குடுங்கண்ணே. முதல் ரெண்டு நாள் கூட்டத்துலதான் எனக்கு வருஷச் சம்பாத்தியமே இருக்கு. பிள்ளை ஃபீஸு கட்டணும்ணே.”

அவர் சொன்னதும் பொய்யில்லை. மழைக்காலம் முழுக்க ஓடாத ராட்டினத்துக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். டர்னர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணா, உங்க வீட்டுல அதிரசம் சுடுவாங்களா?” என்று ஆரம்பித்தார் மகள்.

“சுடுவாக.”

“வெல்லம் நல்ல வெல்லம்தான். ஆனா, பாகு பதம் வராம மாவைப் போட்டா அதிரசம் எண்ணெயில கரைஞ்சு போகுமா இல்லையா? அப்போ போய், ‘நல்ல வெல்லமாச்சே’ன்னு சொன்னா ஆகுமா? உங்க கையில இருக்கிறது நல்ல வெல்லம். இன்னும் பாகாகல. இப்படியே மாட்டினா, கூடுதல் விலை குடுத்த சரக்குல பாதி பலத்தை நீங்களே வேண்டாம்னு விட்டுட்டுப் போறீங்க. நேத்து திருப்பிக் குடுத்த ஈ.என்.8-க்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.”

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“பாதிப் பலத்துல சுத்தாதாம்மா?”

“முதல் நாளே உடையும்னு நான் சொல்லலைங்கண்ணா. திருப்பித் திருப்பி வளைஞ்சு வளைஞ்சு என்னைக்காவது சோர்ந்துபோய் விரிசல் விடும். அது என்னைக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்னைக்குத் தொட்டில்ல எத்தனை பேர் இருப்பாங்கன்னும் தெரியாது.”

ராட்டினக்காரர் கோபத்தோடுதான் எழுந்து போனார். அச்சு அன்றே ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் போனது. திரும்பி வந்ததும் கடினத்தை அளந்து, ரிப்போர்ட்டோடு சேர்த்து, கடைசிச் சீவல் சீவி, மூன்றாம் நாள் சாயங்காலம் கொடுத்தார்கள். திருவிழாவின் முதல் இரண்டு நாள் பெரிய ராட்டினம் சுற்றவில்லை. குட்டி ராட்டினமும் பலூன் சுடுகிற கடையும்தான் ஓடின. அந்த நஷ்டத்தைக் கணக்குப் பார்த்து, டர்னர் தன் கூலியில் பாதியை வாங்கவில்லை.

ஒரே மாதிரி மூன்று வளைவுகள்

இந்த மாதிரிக் குழப்பம் சின்னப் பட்டறைகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். மகளின் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்த சம்பவம் ஒன்று உண்டு.

அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 2005 மார்ச் மாதம் அங்கே நடந்த வெடிவிபத்தில் 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, அதே ஆண்டு ஜூலை 28-ம் தேதி, அந்த ஆலையின் இன்னொரு பகுதியில் பெரும் தீ பிடித்தது. காரணம், ஒரு குழாய் வளைவு.

அந்த இடத்தில் முழங்கை மாதிரி மூன்று குழாய் வளைவுகள் இருந்தன. அளவில், தோற்றத்தில் மூன்றும் ஒன்றே. ஆனால், ஒன்று சாதாரண கார்பன் எஃகு. மற்ற இரண்டும் குரோமியம் கலந்த எஃகு. பராமரிப்புக்காகக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டியபோது, கார்பன் எஃகு வளைவு இடம் மாறிவிட்டது. மாட்டிய அன்று ஒன்றும் ஆகவில்லை. சில மாதங்கள் ஓடியது.

உள்ளே ஓடியது கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் இருந்த ஹைட்ரஜன். அது எஃகுக்குள் புகுந்து, கார்பனோடு சேர்ந்து மீத்தேன் வாயுவாக மாறி, உள்ளிருந்தே எஃகைப் பிளந்துவிடும். குரோமியமும் மாலிப்டினமும் இருந்தால் அவை கார்பனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஹைட்ரஜனுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. இடம் மாறிய வளைவுக்கு அந்தக் காவல் இல்லை. வெடித்தது. சேதம் மூன்று கோடி டாலர். நல்லவேளை, ஒருவருக்கு லேசான காயத்தோடு போனது. விசாரித்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் சொன்ன பாடம் எளிமையானது: மாட்டும் முன் ஒவ்வொரு துண்டும் என்ன உலோகம் என்று சோதித்துப் பாருங்கள்.

இப்போது அதற்குக் கையடக்கக் கருவியே இருக்கிறது. துப்பாக்கி மாதிரிப் பிடித்து வைத்தால், எக்ஸ்-ரே கதிரை அனுப்பி, சில நொடிகளில் குரோமியம் எவ்வளவு, மாலிப்டினம் எவ்வளவு என்று திரையில் காட்டிவிடும். ஆனால், அந்தத் துண்டு அனீல் செய்ததா, ஹார்டன் செய்ததா என்று அதற்குத் தெரியாது. அதைக் கடினம் அளக்கும் கருவியிடம்தான் கேட்க வேண்டும். ‘நீ யார்’ என்பது ஒரு கேள்வி. ‘உனக்கு என்ன நடந்தது’ என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் பதில் வேண்டும்.

இளகியே இருப்பதும் ஒரு பலம்

எல்லா இடத்திலும் கடினம்தான் வேண்டுமா? இங்கேதான் அப்பாவும் மகளும் அடிக்கடி மோதிக்கொள்வார்கள்.

1965-ல் திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் ஆலை வந்தது. அதைச் சுற்றி பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறைகளும் பெருகின. பாய்லர் குழாய்களுக்கு வருகிற குரோம்-மாலியில் கார்பன் குறைவு, குரோமியம் அதிகம். இரண்டேகால் சதவிகிதக் குரோமியம், ஒரு சதவிகித மாலிப்டினம் கொண்ட ‘பி.22’ அதில் பழம்பெரும் ரகம். சாதாரண வெப்பநிலையில் அதற்கு விதிப்படி வேண்டிய குறைந்தபட்ச பலம் சதுர மில்லிமீட்டருக்கு 21 கிலோ. அதைத் தாண்டினால் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கலாம்.

“இருபத்தியொண்ணா? எங்க ராடு அனீல்ல இருக்கும்போதே நாப்பத்திரண்டு தாங்கும் கண்ணு!” என்று முதல்முறை கேட்டபோது அப்பா சிரித்தார்.

“உங்க ராடு ராட்டினத்துல சுத்தும். எங்க குழாய் நெருப்புல நிக்கும்” என்றார் மகள்.

தூத்துக்குடி, மேட்டூர் போன்ற இடங்களில் உள்ள 210 மெகாவாட் அனல்மின் அலகுகளில், டர்பைனுக்குப் போகும் நீராவியின் சூடு சுமார் 540 டிகிரி. அந்தச் சூட்டில், தாங்கக்கூடிய பாரத்தில்கூட எஃகு கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்து நீளும். வருஷக்கணக்கில் நீண்டு, உப்பி, ஒரு நாள் கிழியும். ‘க்ரீப்’ என்று இதைச் சொல்வார்கள். முறுக்கிக் கடினமாக்கிய எஃகை அங்கே மாட்டினால், அந்தச் சூடே நாளாக நாளாக அதை டெம்பர் செய்து இளக்கிவிடும். அங்கே வேண்டியது, ஏற்கெனவே இளகி நிலைபெற்ற எஃகு. பொடிப் பொடியான கார்பைடுகள் உள்ளே ஆணி அடித்த மாதிரி நின்று, அந்த நகர்வைத் தாமதப்படுத்தும். இந்த எஃகுகளுக்கு ஒரு லட்சம் மணி நேரத்தை, அதாவது பதினோரு வருஷத்துக்கு மேலான காலத்தை வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம்.

பட்டறைக்கு, அனீலிங் ஒரு இடைத்தங்கல். பி.22 குழாய்க்கோ அதுவே குடியிருக்கும் வீடாகலாம். எந்த வேலைக்கு எந்தப் பதம் என்பதுதான் கணக்கு.

இன்னும் கடுமையான இடங்களுக்கு ஒன்பது சதவிகிதக் குரோமியம் சேர்த்த ரகம் உண்டு. கல்பாக்கத்தில் உள்ள 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில், நீராவி உண்டாக்கும் கலன்கள் அந்த எஃகால் ஆனவைதான். மொத்தம் எட்டுக் கலன்கள். ஒவ்வொன்றிலும் 547 குழாய்கள், ஒவ்வொரு குழாயும் 23 மீட்டர் நீளம். குழாய்க்கு வெளியே 500 டிகிரியைத் தாண்டிய திரவ சோடியம். உள்ளே தண்ணீரும் நீராவியும். சோடியமும் தண்ணீரும் சந்தித்தால் என்ன ஆகும் என்று பிளஸ் டூ மாணவருக்கும் தெரியும். நடுவில் நிற்பது இந்த எஃகுச் சுவர் மட்டுமே. அதில் ஒரு வெல்டிங்குக்குச் சூடு காட்டும் வேலையை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று யாரும் விட முடியாது.

உங்கள் பக்கத்திலும் இருக்கிறது

இதெல்லாம் எங்கோ இருப்பது என்று நினைத்தால், கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர், சி.என்.ஜி வண்டியின் எரிவாயு சிலிண்டர் ஆகியவற்றில் பல குரோம்-மாலி எஃகில் செய்தவை. பிளாஸ்டிக் பக்கெட்டை வார்க்கும் அச்சு, லாரி எஞ்சினின் கிராங்க்ஷாஃப்ட், பெரிய ஆலைகளில் குழாய்களை இறுக்கும் போல்ட் என்று பட்டியல் நீளும். நல்ல ரக சைக்கிளின் பிரேம், ஒற்றை எஞ்சின் குட்டி விமானங்களின் எலும்புக்கூடு, ரேஸ் காரில் ஓட்டுநரைச் சுற்றியிருக்கும் கூண்டு ஆகியவற்றுக்கு, கார்பன் குறைந்த 4130 குழாய் பேர் போனது. சுவர் மெலிதாக வைத்தாலும் பலம் குறையாது. முறையாகச் செய்தால் வெல்டிங்கும் நன்றாகப் பிடிக்கும்.

இவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதம். முறுக்கியது ஒன்று, இளக்கியது ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பெயின்ட் அடித்த இரும்புதான்.

ராட்டினக்காரர் அடுத்த சீசனுக்கு முன்பாக மறுபடி போன் செய்தார். அச்சுக்காக இல்லை. தொட்டில்கள் தொங்கும் பின்களையும் மாற்றவேண்டுமாம். “சர்ட்டிஃபிகேட் இருக்கிற சரக்கா வாங்கி வைங்கண்ணே. சூடு காட்டுறதுக்கும் நாள் சேர்த்துச் சொல்லுங்க. பதினஞ்சு நாள் முன்னாடியே கொண்டாந்து போடுறேன்.”

பட்டறையிலும் ஒரு பழக்கம் புதிதாக வந்திருக்கிறது. ராடை வெட்டும்போது பையன் இப்போது பெயின்ட் இல்லாத முனையிலிருந்துதான் ஆரம்பிக்கிறான். வெட்டிய துண்டு ஒவ்வொன்றிலும் ரகத்தின் பெயரைப் பஞ்ச் அடிக்கிறான். பக்கத்திலேயே சின்னதாக ‘அ’ என்றோ ‘ஹா’ என்றோ ஓர் எழுத்து. அனீல் ஆனது, ஹார்டன் ஆனது.

அந்த இரண்டாவது எழுத்து இல்லாத துண்டை டர்னர் லேத்தில் ஏற்றுவதில்லை.